பாய் கடையின் வெள்ளிக்கிழமை

ஓர் ஏ-ஃபோர் தாள் என்னிடம் இருக்கிறது. அதில், ‘வெள்ளிக்கிழமை தொழுகை. இரண்டு மணிக்கு வந்துவிடுவோம்’ என்று அச்சாகியிருக்க வேண்டும். ஆனால் முதல் சொல்லில் ‘ள்’ சிதறி, அதன் புள்ளி மட்டும் ஒரு வெற்று வட்டத்தின் மேல் அநாதையாக நிற்கிறது. அந்தப் புள்ளியை அநாதையாக்கியவள் நான்தான்.

இரண்டாயிரங்களின் நடுவில் செங்கம் ரோட்டில் பாய் ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். அஞ்சல் வழியில் கணினி படித்துவிட்டு நான் அங்கே டைப்பிங் வேலை பார்த்தேன். கிரிவல நோட்டீஸ் அடித்து அடித்து எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. எங்கள் ஊரில் பாதிப் பேர் பௌர்ணமியைத் தப்பாக அடிக்கிறார்கள். ‘பௌ’ ஒரே எழுத்து; அவர்களோ ‘பெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. தேடினால் கிடைக்காது.

யாரும் திருத்தி அனுப்பக்கூடிய திறமூல மென்பொருள் ஒன்று அப்போது தமிழ்ப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தது. கொம்பும் ‘ள’வும் எங்கே சேர்ந்து வந்தாலும் ஔகாரமாக மாற்றும்படி நான்கு வரி எழுதி அதற்கு அனுப்பினேன். சேர்த்துக்கொள்வதாகப் பதில் வந்தது. ரேஷன் கார்டுக்கு வெளியே என் பெயர் இடம்பெறப்போகும் முதல் இடம் அது. பெருமை தாங்காமல் அந்தத் திருத்தத்தைக் கடைக் கணினியிலும் போட்டு வைத்தேன்.

கடைக் கதவில் மழையில் நனைந்துபோன பழைய தொழுகை அறிவிப்புக்குப் பதிலாகப் பாய் புதிதாக ஒன்று அடித்தார். அச்சானதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். “ஏம்மா, உங்க பௌர்ணமிய சரி பண்ண எங்க வெள்ளிக்கிழமைதானா கெடச்சுது?”

‘வெள்ளி’யிலும் கொம்புக்குப் பக்கத்தில் ‘ள’தான். வெளி, தெளிவு, வெள்ளம் எல்லாமே உடையும். அவசரக்குடுக்கை, ஒரு சொல்லையாவது சோதித்துப் பார்த்தேனா? “அனுப்பிட்டேன் பாய். இப்பப் போய்ச் சொன்னா இனிமே என்னைச் சேத்துக்கவே மாட்டாங்க” என்றேன்.

“சொல்லலைன்னா எத்தினி பேருக்கு வெள்ளிக்கிழமை ஒடையும்? இப்பவே எழுதுங்க. ரெண்டு மணிக்கு மேல வர்றவங்கள அடுத்த மிஷின்ல உக்காரச் சொல்லிக்கலாம்.” ஓர் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் அறிவிப்பை எழுதி, சாத்திய கதவில் மாட்டிவிட்டு அவர் தொழுகைக்குக் கிளம்பினார்.

அவர் திரும்பி வருவதற்குள் என் தப்பை நானே எழுதி அனுப்பியிருந்தேன். பௌர்ணமி, மௌனம், கௌரி என்று பட்டியலில் உள்ள சொற்களை மட்டும் மாற்றும்படி திருத்தியும் இருந்தேன். திங்கட்கிழமை பதில் வந்தது. யாரும் கண்டுபிடிக்கும் முன் சொன்னதற்கு நன்றியாம். இனி இப்படி நடக்காமலிருக்க, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க ஒரு வாக்கியம் தரச் சொன்னார்கள். பாயின் அறிவிப்பையே அனுப்பினேன்.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்கிறார்கள். பாய் காலமாகி நான்கு வருடமாகிறது. அன்று அவர் அதட்டாமல் சொன்ன அந்த வார்த்தையால்தான் இன்றும் நான் மென்பொருள் தொழிலில் இருக்கிறேன். அவரிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை. உலகத்தில் யார் அந்த மென்பொருளுக்கு ஒரு திருத்தம் அனுப்பினாலும், முதலில் பாயின் வரி உடையாமல் வருகிறதா என்று அது பார்த்துக்கொள்கிறது. போன வாரம் நானும் ஒன்று அனுப்பினேன். திரையில் சுத்தமாக வந்தது: வெள்ளிக்கிழமை தொழுகை. இரண்டு மணிக்கு வந்துவிடுவோம்.