ஏர்கான்காரர் வீட்டு வாளி

பாலகிருஷ்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. ஏணியில் ஏறி நின்று ஏர்கானின் மூடியைக் கழற்றும்போதே, கீழே நிற்கும் வீட்டுக்காரரிடம் பூர்வீகம் எது, மகள் என்ன படிக்கிறாள், அந்தச் சுவரில் ஆணி இருக்கிறதே படம் எங்கே என்பது வரைக்கும் கேட்டு முடித்துவிடுவார். கேட்டதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது. அப்படிப்பட்ட மனிதர் வலைப்பூ எழுத வந்ததில் ஆச்சரியமில்லை. ஐம்பது வயதைத் தாண்டும்வரை எழுதாமல் இருந்தாரே, அதுதான் ஆச்சரியம்.

பிறந்தது சிங்கப்பூரின் செம்பவாங். அப்பா கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். மகனுக்கு நெருப்பு வேண்டாம், குளிர்ச்சியே போதும் என்று தோன்றிவிட்டதோ என்னவோ, கட்டாய ராணுவச் சேவை முடிந்த கையோடு ஏர்கான் கம்பெனி ஒன்றில் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டார். பிறகு சொந்த வேன், சொந்த வாடிக்கையாளர்கள், ஈசூனில் நாலறை வீடு, மனைவி இளமதி, ஒரே மகள் ரக்ஷனா என்று வாழ்க்கை நன்றாகவே ஓடியது. கோவிட் வந்து, யாரும் யாரையும் வீட்டுக்குள் விடாத அந்த மாதங்களில்தான் பாவம், மனிதருக்குப் பேச ஆளில்லாமல் போய்விட்டது. தொல்லை தாங்காமல் ரக்ஷனா ஒரு வலைப்பூவைத் திறந்து கொடுத்து, “இதுல பேசுங்கப்பா” என்றாள். ‘ஏணியிலிருந்து பாலா’ பிறந்தது அப்படித்தான்.

எல்லாப் பதிவும் ஒரே மாதிரிதான் தொடங்கும். “புளோக் 618, ஏழாவது மாடி.” வேலைக்குப் போன வீட்டை அவர் மனத்தில் குறித்து வைத்திருப்பதே அப்படி, அடுக்குமாடிக் கட்டடத்தின் எண்ணும் மாடியுமாக. முகம் மறக்கும், புளோக் மறக்காது. நடுவில் அந்த வீட்டில் கண்டது, கேட்டது. முடிவில் “ஆகவே அன்பர்களே” என்று ஆரம்பித்து, சிக்கனம், ஒற்றுமை, பெற்றோரைப் பேணுதல் ஆகிய ஏதாவதொன்றைப் பற்றி நாலு வரி புத்திமதி. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் போய்க் கோப்பை வாங்கியவர் அல்லவா, அந்தப் பழக்கம் விடவில்லை.

முதல் நாலைந்து வருஷம் வாசகர்கள் என்று பார்த்தால் ரக்ஷனா, இரண்டு பள்ளிக்கூட நண்பர்கள், ஏணி வாங்கத் தேடி வழிதவறி வந்த ஒருவர். அதைப் பற்றிப் பாலகிருஷ்ணன் கவலைப்படவில்லை. அவருடைய குறை வேறு. இளமதி ஒரு பதிவைக்கூடப் படித்ததில்லை. பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தவளிடம் அவர் கைப்பேசியை நீட்டினால், “நீங்க பேசறதத்தான் நாள் பூரா கேக்கறேன். அதையே எழுத்துல வேற படிக்கணுமா?” என்பாள். ஊரே படித்தாலும் வீட்டில் ஒருத்தி படிக்கவில்லையே என்பது அவருக்குப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு பதிவை அவள் முழுசாகப் படித்து, படித்தேன் என்று சொன்னால் போதும்.

போன ஜூன் மாதம் அது நடந்தது. அதாவது, நடந்துவிட்டதாக அவர் நினைத்தார்.

சனிக்கிழமை காலை தேக்கா மார்க்கெட்டுக்குப் புறப்படும் முன் இளமதி தானாகவே கேட்டாள். “புதுசு போட்டாச்சா?” பாலகிருஷ்ணனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அவள் கைப்பேசியில் திறந்து பார்த்தாள், தலையை ஆட்டினாள், சிரித்தாள், பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். இளமதி இவ்வளவு வேகமாகப் படிப்பாள் என்பது இத்தனை வருஷம் அவருக்குத் தெரியாமல் போயிற்று. அதற்கடுத்த வாரமும் கேட்டாள். கூடவே வலைப்பூவுக்கு வருகிறவர்களும் நூற்றுக்கணக்கில் ஏறினார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் எழுந்ததும் பல்லைக்கூட விளக்காமல் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்ப்பார். எழுத்துக்கு எது முக்கியம் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கினார். “உண்மையா இருக்கணும் லா. மனசுலேர்ந்து வரணும். ஜனங்க சும்மா வருவாங்களா?”

தீபாவளி முடிந்த பின் ஒரு புதன்கிழமை மத்தியானம், தேக்காவில் வேலை முடித்துவிட்டு நெய்னா முகம்மதுவின் தேநீர்க் கடையில் உட்கார்ந்தார். நெய்னா தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“என்னண்ணே, இந்த வாரம் இன்னும் நம்பர் போடலயா? ரெண்டு பேர் வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க.”

“என்ன நம்பர்?”

“உங்க நம்பர்தான். புளோக்கும் மாடியும். சேர்த்தா நாலு நம்பர் வருதுல்ல? 618, ஏழாவது மாடி. 6187. இளமதி அக்காவுக்கு அடிச்சுதே ஜூன் மாசம், ஆறுதல் பரிசு! அதுலேர்ந்து எல்லாரும் உங்க வலைப்பூவைப் பாத்துத்தான் ஃபோர்-டி லாட்டரிச் சீட்டு எடுக்கறாங்க. எனக்கு அந்தப் பழக்கம் இல்லண்ணே, நமக்கு ஆகாது. ஆனா கடைக்கு வர்றவங்க பேச்செல்லாம் அதுதான். கைராசிக்காரர்னு உங்களுக்கு இங்க நல்ல பேரு.”

பாலகிருஷ்ணன் தே தாரிக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வேனை எடுத்துக்கொண்டு நேரே ஈசூனுக்கு வந்தார். அவமானம்தான், வேறென்ன. சிக்கனம் பற்றி அவர் உருகி உருகி எழுதியதன் முதல் வரியை மட்டும் கிள்ளிக்கொண்டு போய் லாட்டரி வரிசையில் நின்றிருக்கிறது ஊர். அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றவள் அவர் வீட்டிலேயே இருக்கிறாள்.

வீட்டில் அவர் சண்டை போடவில்லை. அடுத்த பதிவில் ஒற்றை எண்கூட இருக்கக் கூடாது, அப்போது பார்ப்போம் யார் வருகிறார்கள் என்று மனத்துக்குள் சபதம் எடுத்துக்கொண்டார். ஆனால் புளோக் எண் இல்லாமல் எந்த வீட்டைப் பற்றி எழுதுவது? அவருக்கு எந்த வீடும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுக்கையறையில் புரண்டுகொண்டிருந்தபோது காதில் விழுந்தது. டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக். தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர்கள் அறை ஏர்கான் ஒழுகிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு பழைய பெயின்ட் வாளி. இன்றைக்கு வைத்த வாளி இல்லை அது. உள்பக்கம் வளையம் வளையமாகக் கறை, வெட்டிய மரத்தில் வயசு தெரிவது போல. ‘வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு’ என்று சும்மாவா சொன்னார்கள்? எத்தனை மாதம் இவள் ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த வாளியை எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தாளோ! கோபமெல்லாம் கரைந்து, அன்றைக்கே உட்கார்ந்து எழுதினார். ‘சொல்லாத பொறுமை’ என்று தலைப்பு. எண் இல்லை. வாளி இருந்தது, கறை இருந்தது, ஊரார் வீட்டு ஏர்கானையெல்லாம் துடைத்துவிட்டுத் தன் தலைக்கு மேலே பார்க்காத கணவன் இருந்தான், ஒவ்வொரு சொட்டையும் தன் கண்ணீராக ஏந்திக்கொண்ட மனைவி இருந்தாள். ஆகவே அன்பர்களும் இருந்தார்கள்.

சனிக்கிழமை காலை இளமதி மார்க்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கைப்பேசியைத் திறந்தாள். பாலகிருஷ்ணன் சமையலறை ஜன்னலோரம் துணி காயப்போடுகிற மூங்கிலைத் துடைக்கிற சாக்கில் நின்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் விரல் மேலே போனது, கீழே போனது, மறுபடி மேலே போனது. புருவம் சுருங்கியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள், பை தோளில் தொங்கியபடியே. படித்தாள். முழுசாகப் படித்தாள். பாலகிருஷ்ணன் ஏற்கெனவே துடைத்த மூங்கிலையே மறுபடி துடைத்தார்.

“யாருங்க இந்தப் பொம்பளை?”

“எந்தப் பொம்பளை?”

“இதுல இருக்கறவ. வாளியும் கண்ணீருமா.”

“நீதான், மதி.”

“நானா? எனக்கு இவளைத் தெரியாது லா. இவகூட ஒரு நாள் இருக்கச் சொன்னாக்கூட நான் ஓடிருவேன்.” அவள் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். “நான் பொறுமையா இருந்தேன்னு உங்ககிட்ட யார் சொன்னா? நான் பந்தயம் கட்டியிருந்தேன்.”

பந்தயம் எதிர்வீட்டு ருக்கையாவோடு. ஏர்கான்காரர் தன் வீட்டு ஏர்கான் ஒழுகுவதை எப்போது கண்டுபிடிப்பார்? ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் என்று ருக்கையா சொன்னாள். தீபாவளி தாண்டும் என்றாள் இளமதி. காசுக்கு இல்லை, ருக்கையா அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். தோற்றவள் பிரியாணி செய்ய வேண்டும்.

“சீனப் புத்தாண்டுலேர்ந்து ஒழுகுது. வேணும்னே வாளிய உதைச்சேன். நீங்க கனவுல யாரோடயோ பேசிட்டிருந்தீங்க. ஒரு நாள் உங்க வீட்டுச் செருப்பையே வாளிக்குள்ள போட்டேன். எடுத்து உதறிட்டு மாட்டிக்கிட்டுப் போறீங்க! ஏன் ஈரம்னுகூடக் கேக்கல. நானும் ருக்கையாவும் அன்னைக்கு வயிறு வலிக்கச் சிரிச்சோம். அந்தத் தண்ணியிலதான் வாசல்ல கறிவேப்பிலை தழைச்சு நிக்குது. இத விட்டுட்டு என்னை அழ வெச்சிருக்கீங்க.”

பாலகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. கடைசி அம்பை எடுத்தார். “நீ மட்டும் என்ன? இத்தனை நாளும் நம்பர் பாக்கத்தானே திறந்தே?”

“ஆமா,” என்றாள் இளமதி, கொஞ்சமும் அசராமல். “நான் நம்பர் பாத்தேன். நீங்க பல்லு விளக்கறதுக்கு முந்தி எத்தனை பேர் வந்தாங்கன்னு பாக்கறீங்களே, அது என்ன? அதுவும் நம்பர்தானே?”

பாலகிருஷ்ணன் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். பையை இறக்கி வைத்தாள். “இன்னைக்குப் படிச்சேன். நம்பர் இல்லன்னதும் மூடப் போனேன். அந்தக் கறை எழுதியிருந்தீங்க பாருங்க, வளையம் வளையமா, மரம் மாதிரின்னு. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. தினம் நான் கழுவற வாளி, எனக்கே அது தோணல. அதான் உக்காந்தேன். அதுக்கு மேல பாதி பொய். முடிவுல புத்தி வேற சொல்றீங்க. ஏர்கான்காரருக்கு எதுக்குங்க அது?”

இளமதி தேக்காவுக்குப் போனபின் பாலகிருஷ்ணன் மறுபடி எழுதினார். இந்த முறை விரல் தயங்கியது. தன் வீட்டு ஏர்கான் வருஷம் முழுக்க ஒழுகியதைக் கண்டுபிடிக்கத் தெரியாத ஆளை நாளைக்கு எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? செருப்புச் சங்கதியை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்தார். பிறகு, அதை விட்டால் வேறு என்னதான் இருக்கிறது என்று தோன்றியது. எல்லாவற்றையும் போட்டார். ருக்கையா, பிரியாணி, கறிவேப்பிலை, ஈரச் செருப்பு, ஒன்று விடாமல். “ஆகவே” என்று தட்டச்சு செய்த விரலைத் தானே பின்னுக்கு இழுத்து, அந்தச் சொல்லை அழித்தார். தலைப்பையும் மாற்றினார். ‘என் மனைவி ஜெயித்த பந்தயம்.’

கூட்டம் கலைந்துவிட்டது. எண் இல்லாத கடையில் அவர்களுக்கு என்ன வேலை? மிஞ்சியவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரலாம், அவ்வளவுதான். தொழில் ஒன்றும் கெடவில்லை. செம்பவாங்கிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, “அண்ணே, எங்க வீட்லயும் ஒரு வாளி இருக்கு, என் வீட்டுக்காரி யார்கூடப் பந்தயம் கட்டியிருக்காளோ தெரியல, சீக்கிரம் வாங்க” என்றார். இளமதி புதுப் பதிவைப் படித்தபோது பாலகிருஷ்ணன் அறைக்குள் ஒளிந்துகொண்டிருந்தார். செருப்பு வரும் இடத்தில் அவள் சிரித்த சிரிப்புக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தன் பேச்சுப் போட்டிக் கோப்பைகள் எல்லாவற்றையும் அந்தச் சிரிப்புக்கு ஈடாகக் கொடுத்துவிடலாம் என்று அவருக்கு இருந்தது.

ருக்கையா பிரியாணி கொண்டுவந்த அன்று, மானம் போகாமலிருக்க, படுக்கையறையில் ஏணியைப் போட்டு ஏறினார். அடைத்துக்கொண்டிருந்த வடிகுழாயில் பாசி பச்சையாய்ப் படர்ந்திருந்தது. இளமதி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏணியில் ஏறினால் கீழே நிற்பவரிடம் கேள்வி கேட்பது அவர் பழக்கம். வாயைத் திறந்தார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஈசூன் முழுக்க எல்லார் வீட்டிலும் கேட்டிருக்கிறார், இந்த வீட்டில் ஒன்றும் கேட்டதில்லை.

“மதி,” என்றார் மெதுவாக, “நான் வேலைக்குப் போனதுக்கப்புறம் இங்க என்னதான் நடக்குது?”

இளமதி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது போலும், அதை அடக்கிக்கொண்டாள்.

“நெறைய நடக்குது. கீழ எறங்கி வாங்க, பிரியாணி ஆறுது. ஒண்ணொண்ணா சொல்றேன். ஆனா எழுதினா ஒழுங்கா எழுதணும்.”