ஆறு டையும் அப்பாவின் குத்தகையும்

டை, பெல்ட், மனைவியின் கழுத்துச் சங்கிலிகள் எல்லாவற்றையும் ஒழுங்காகத் தொங்கவிட இன்று கூடத்துச் சுவரில் ஒரு கொக்கிப் பலகை அடித்தேன்.

மாட்டி முடித்ததும் நிலக்காரர் வந்தார். அவர் வயலைத்தான் அப்பா நாற்பது வருடமாகக் குத்தகைக்கு உழுகிறார்.

கனடாவில் மகன் வீடு வாங்க வயலை விற்கிறாராம். குத்தகை உரிமையை விட்டுக்கொடுத்து அப்பா கையெழுத்துப் போட வேண்டுமாம்.

நிலக்காரர் பலகையைப் பார்த்தார்.

“ஒரு கழுத்துக்கு ஆறு டையா தம்பி? நகை வேற தொங்குது. இனிமே உங்களுக்கு வயல் எதுக்கு?”

“நான் வேலை பாக்குற மருந்து கம்பெனியில கட்டச் சொல்றாங்க. நகையெல்லாம் கவரிங்குங்க.”

அப்பா கேட்டார்: “உங்க மகனும் அங்க டைதானே கட்டுறாரு? அவருக்கு மட்டும் வயல் எதுக்குங்க?”

“கோர்ட்டுல பேசிக்கலாம்” என்று நிலக்காரர் எழுந்து போனார்.

வருவாய்த் துறை நண்பர்களே, எத்தனை டை சேர்ந்தால் குத்தகை உரிமை போகும்? அதற்கு ஒன்று குறைவாக மாட்டிக்கொள்கிறேன்.