உள்ளதை எழுதிய டீச்சர்

பள்ளித் துணை ஆய்வாளர் வேலுசாமி பதினெட்டு வருடமாக ஆய்வுக் குறிப்பேடுகளில் ‘திருப்தி’ என்று எழுதி எழுதிச் சலித்துப்போயிருந்தார். எதில் திருப்தி, யாருக்குத் திருப்தி? 1977இல் தானே ஒரு படிவம் தயாரித்தார். வாசிப்பு, வருகை, கட்டடம், குடிநீர், ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகள். படிக்கு ஒரு விளக்கம். வாசிப்பில் முதல் படி என்றால், மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது. நான்காவது என்றால், பார்த்திராத பத்தியையும் எல்லாரும் தடுமாறாமல் வாசிப்பார்கள். கடைசிப் பக்கம் அவருடைய அலுவலகத்துக்கே: காலியிடத்தை எத்தனை மாதத்தில் நிரப்பியது, கேட்ட கரும்பலகை போய்ச் சேர்ந்ததா? அதில் அவரே முதல் படியைக் குறித்தார்.

மோகனூருக்கு மேற்கே ஓர் ஓராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பையும் ஒருத்தியாகப் பார்த்துவந்த சென்னம்மாள் டீச்சர், இடுப்பில் கைக்குழந்தையோடு படிவத்தை வாங்கிப் படித்தார்.

“உள்ளதையே எழுதட்டுங்களா சார்? மூணாவதுல பாதிக்கு மேல அ, ஆ கூடத் தெரியாதுங்க.”

“உள்ளதை எழுதுனாத்தானுங்க மேல போய் இன்னொரு டீச்சரைக் கேக்க முடியும். உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. நான் பாத்துக்கறனுங்க.”

மற்ற ஐம்பத்து மூன்று பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் மூன்றும் நான்குமாகக் குறித்து அனுப்பினார்கள். சென்னம்மாள் மட்டும் ஒன்று போட்டிருந்தார்.

மேலதிகாரி கடைசிப் பக்கங்களைக் கிழித்துக் கூடையில் போட்டார். “இத்தனை பேரு ஒழுங்கா நடத்தறாங்க. இந்தம்மாவுக்கு என்னய்யா கேடு?”

“அவங்க ஒருத்தருதானுங்க நெசத்தை எழுதியிருக்காங்க.”

“அப்ப மத்தவங்கெல்லாம் பொய்யா? எழுதிக் குடுங்க, விசாரிக்கலாம்.”

வேலுசாமி எழுதிக் கொடுக்கவில்லை. ஐம்பத்து மூன்று பேரோடும் மல்லுக்கு நிற்க அவரால் ஆகாது என்று அந்த நொடியில் அவருக்கே தெரிந்துபோயிற்று.

சென்னம்மாளை மலையடிவாரத்தில், தம்மம்பட்டிக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். ஆணையை வேலுசாமியே கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சர் அதை இரண்டு தரம் படித்தார்.

“பாத்துக்கறேன்னு சொன்னீங்களே சார்.”

அவ்வளவுதான் கேட்டார். பிறகு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. பிள்ளைகள் ஆடு மேய்க்கவும் கரும்பு வெட்டவும் போனார்கள். மூன்றாம் வருடம் பள்ளியை மூடினார்கள்.

படிவம் பிழைத்துக்கொண்டது. அதிகாரிக்கு அது பிடித்துப்போய், அச்சடித்து எல்லா ஊருக்கும் அனுப்பினார். 1981இல் ஒரு பள்ளி கூட மூன்றாம் படியில் இல்லை, அத்தனையும் நான்கு. வேலுசாமிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருடமும் அந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டார்.

ஓய்வுபெற்ற மாதம் பஸ் ஏறித் தம்மம்பட்டிப் பக்கம் போனார். சென்னம்மாள் சேர்ந்த ஏழாம் மாதமே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டதாக அந்தப் பள்ளியில் சொன்னார்கள். குழந்தைக்கு மலைக்காய்ச்சலாம். பிழைத்ததா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. டீச்சரின் பிறந்த ஊரைச் சொன்னார்கள், எட்டு மைல்தான். வேலுசாமி பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றார். அந்த ஊர்ப் பஸ் வந்தது. ஏறவில்லை.