அண்ணன் படகின் மீன் மிஷின்

துறைமுகத்தில் அவளை மிஷினக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐஸ் ஃபேக்டரிக்கும் வலைக்கடைக்கும் நடுவில், மேசை போட்டால் நாற்காலிக்கு இடமில்லாத ஓர் அறை அவளுடையது. ஒரு காலத்தில் டிவி ரிப்பேர் பார்த்தவள். ஜனங்கள் டிவியை ரிப்பேருக்குக் கொடுப்பதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்க ஆரம்பித்ததும், கடலுக்கடியில் மீன் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும் மிஷின்களுக்கு மாறிவிட்டாள். கைராசிக்காரி என்று பெயர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு.

கோபம் வராமல் என்ன செய்யும்? அந்த மிஷினில் மாயமந்திரம் எதுவும் இல்லை. படகின் அடியில் இருக்கும் சென்சார் கீழே ஒலியை அனுப்பும். அது தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்பி வருவதை வைத்துத் திரையில் படம் விழும், அவ்வளவுதான். ஆனால் ஒருத்தர் படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது, ஐயோ பாவம் இது மட்டும் வெறுமனே இருக்கிறதே என்று சென்சாருக்கும் சேர்த்துக் கெட்டியாகப் பூசிவிட்டு, மிஷின் செவிடாகிவிட்டது என்று வந்து நிற்பார். இன்னொருத்தர் அதன் ஒயரை இன்ஜின் ஒயரோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, திரையெல்லாம் கோடு கோடாக வருகிறதே என்று இவளைக் குற்றம் சொல்வார். இவர்களோடு மாரடித்தே அவளுக்குப் பாதி முடி நரைத்துவிட்டது.

மீதி முடியை நரைக்க வைத்தவர் அவளுடைய சொந்த அண்ணன்.

அண்ணனுக்குச் சொந்தப் படகு. சுக்கானும் அவர் கையில்தான், வேறு யாரையும் தொட விடமாட்டார். கொஞ்ச காலமாக அவருக்கும் மிஷினுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் ட்யூன் செய்து கொடுத்துவிட்டுக் கரை இறங்குவாள். அடுத்த தடவை வந்து பார்த்தால் சென்சிட்டிவிட்டியை உச்சிக்கு ஏற்றி வைத்திருப்பார். அவ்வளவு ஏற்றினால் தூசி, நுரை, பக்கத்துப் படகின் இரைச்சல் எல்லாமே திரையில் விழும், அரிசியைக் கொட்டிவிட்ட மாதிரி. போதாததற்கு, எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் மீன் பொம்மை போட்டுக் காட்டும் வசதி ஒன்று அதில் இருக்கிறது. அதையும் போட்டு வைத்திருப்பார்.

"பொம்மையைப் பாத்து வலை போட்டா பொம்மைதான் கிடைக்கும்" என்று அவள் கத்துவாள். "பெருசா தெரியுது பாப்பா, அதான்" என்பார் அவர். நாற்பது தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிடுவது வேறு அவளுக்கு எரிச்சல்.

வலை வெறுமனே வந்தது, ஒரு தடவை அல்ல, தொடர்ந்து. கடைசியில் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து, இன்ஜின் பார்க்கிறவனை அவள் கடைக்குத் தூது அனுப்பினார்கள். அண்ணனிடம் சின்ன வயதிலிருந்து வேலை பார்ப்பவன், இப்போது அவனுக்கே கல்யாண வயதில் பெண் இருக்கிறாள்.

"அக்கா, இப்படியே போச்சுன்னா நாங்க வேற போட் பாத்துக்குறோம். நீங்களே ஒரு தடவை எங்க கூட வந்து பாருங்க."

ஆட்கள் போய்விட்டால் படகைக் கரையில் கட்டிவிட்டு அண்ணன் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கடலைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர். உட்கார்ந்த ஒரே மாதத்தில் நொடித்துப் போவார் என்று அவளுக்குத் தெரியும். திட்டிக்கொண்டே டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் படகு ஏறினாள்.

துறைமுகத்துக்குள் நின்று ட்யூன் செய்வது அரைகுறை வேலைதான். ஆழமும் இல்லை, சத்தமும் அதிகம். முகத்துவாரம் தாண்டி நடுக்கடலுக்கு வந்ததும் மிஷினைத் திறந்தாள். தண்ணீர் என்ன வகை என்ற இடத்தில் 'நன்னீர்' என்று இருந்தது. எதையோ அழுத்தி எல்லாவற்றையும் கடையில் வாங்கியபோது இருந்தபடி ஆக்கி வைத்திருக்கிறார் மகானுபாவர்.

"கடல்ல போற போட்டுக்கு ஏரி செட்டிங்! உங்களை எதால அடிக்கிறது?"

அண்ணன் சுக்கானை லேசாகத் திருப்பினார். உப்புத் தண்ணீரில் ஒலி வேகமாக ஓடும், சீக்கிரமே களைத்தும் போகும். அவள் உப்பு நீருக்கு மாற்றினாள். ஆழத்துக்கு ஏற்ப அலைவரிசையை இறக்கினாள். பொம்மையை அணைத்தாள். சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். அரிசி மறைந்தது. தரை ஒரே கோடாக நின்றது. அதற்கு மேலே, நடுத்தண்ணீரில், மங்கலாக ஒரு திட்டு. மீன் கூட்டம்.

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இப்ப பாருங்கண்ணே!"

அவர் குனிந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையே பாப்பா." கை தானாக சென்சிட்டிவிட்டியைத் தேடிப் போனது. அவள் அந்தக் கையில் ஒன்று போட்டாள்.

"கை வச்சீங்க, தூக்கித் தண்ணியில போட்டுருவேன். ஆழம் எவ்வளவுன்னு காட்டுது? அதைப் படிங்க முதல்ல."

"இருபத்தெட்டுண்ணே" என்று பின்னாலிருந்து மெதுவாக இன்ஜின்காரன் குரல்.

"இருபத்தெட்டு" என்றார் அண்ணன்.

"உன்னையா கேட்டேன்?" என்று திரும்பிச் சீறியவள், அப்படியே நின்றாள். அவன் ஏன் சொன்னான்? அவள் ஒரு பட்டனைத் தட்டினாள். படம் போய், வெறும் மெனு வந்தது. அதில் எண்ணே கிடையாது.

"இப்ப எவ்வளவு காட்டுது?"

அண்ணன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "அதான் சொன்னேனே. இருபத்தெட்டு."

அவள் முதல்முறையாகத் திரையை விட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கண்மணி இரண்டிலும் பால் படர்ந்திருந்தது. அது நேற்று இன்று வந்ததல்ல என்று பார்த்ததுமே தெரிந்தது.

"எவ்வளவு நாளாண்ணே?"

இன்ஜின்காரன்தான் சொன்னான். "பின்னாடி நின்னு நம்பர் சொல்றதே எங்க வேலையாப் போச்சுக்கா. பாறை இருக்குற பக்கம் போனா உசுரு எங்க கையில இல்ல. மீன் கிடைக்காததுக்கா போட்டை விட்டுப் போறோம்னு சொன்னோம்? நாங்க சொன்னா அவருக்கு அவமானம். நீங்க கூடப் பொறந்தவங்க, ஒவ்வொரு தடவை ஏறும்போதும் கண்டுபிடிப்பீங்கன்னு பாத்தோம். நீங்க மிஷினையே பாத்துட்டு இறங்கிப் போனீங்க."

யார் மீது கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, கோபம் மட்டும் நிறைய இருந்தது. "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஆபரேஷன் பண்ணா சரியாப் போற விஷயம்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"சொன்னா சுக்கானை வாங்கிருவீங்க" என்றார் அண்ணன்.

"ஆமா, வாங்கத்தான் போறேன்."

அவர் கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றார். பிறகு கையை எடுத்தார். இன்ஜின்காரன் அவரைப் பார்க்காமல் வந்து சுக்கானைப் பிடித்தான்.

"மீன் இருக்குன்னியே பாப்பா" என்றார் அண்ணன், கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "எந்தப் பக்கம்னு அவனுக்குச் சொல்லு."