கேஸ் விழுந்துவிடும்

இல்ஃபோர்ட்டில் நாங்கள் இருந்த வீட்டு மாடியறையில் ஓர் அலுமாரி இருந்தது. அதன்மேல் எங்கள் ஒரே சூட்கேஸ் இருந்தது. நான் இரண்டு வயதுக் குழந்தையாக லண்டனுக்கு வந்தபோது கூடவே வந்த பெட்டி அது. பெரியவர்கள் நாள் முழுக்க 'கேஸ்', 'கேஸ்' என்று பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான் என்று எட்டு வயதுவரை நம்பியிருந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு அப்படியொரு பெயர் இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேஸ் பேப்பர்களும் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்ததால் என்மேல் பெரிய பிழை சொல்லவும் முடியாது.

எனக்கு ஏழு வயதான கோடையில் மாமா, வேலைசெய்யும் கடையின் வானை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, எல்லோரும் வேல்ஸ் பார்க்கப் போகிறோம் என்றார். மலை, கோட்டை, கடல் எல்லாம் ஒரே நாளில் காட்டுவாராம். தான் போகாத இடத்தையும் தன் வீட்டு வளவு மாதிரி வர்ணிக்கக்கூடியவர் அவர். அம்மாவை மசிய வைக்க, "பேரைப் பாருங்கோ அக்கா, முருகன்ரை வேல் இருக்கிற இடம்" என்றுகூடச் சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வேல்ஸ் வேறு நாடு என்று ரீச்சர் படிப்பித்ததைச் சொன்னேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"முடிவு வருமட்டும் நாட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது, வெளிக்கிட்டா கேஸ் விழுந்திடும் எண்டு லோயர் சொன்னவரல்லோ?"

"அது வேற நாடு எண்டாலும் இதே நாடுதான் அக்கா. ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

"அப்ப ரீச்சர் பொய் சொல்லுவாவோ?"

வேறு நாடு, ஆனால் இதே நாடு என்பது எனக்கும் பிடிபடவில்லை. அப்பா தெரிந்தவர்கள் நாலைந்து பேரிடம் விசாரித்து வந்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அம்மா அரைமனதோடு சம்மதித்தா. ஆனால் புறப்படுகிற அவசரத்தில் சூட்கேஸை இறக்கி, பேப்பர்களை எல்லாம் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, பெட்டியைத் திரும்ப மேலே தள்ளினா. அதன் ஒரு மூலை அலுமாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நேர்கீழே கட்டிலில் என் பொம்மை படுத்திருந்தது. வான் வெளிக்கிட்ட பிறகுதான் எனக்கு அந்த நினைவு வந்தது. பெட்டி விழுந்தால் பொம்மைமேல்தான் விழும்.

ஒரு பெரிய பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. சின்னச் சின்னக் கூண்டுகள், தடுப்புக் கம்பிகள், கூண்டுக்குள் தொப்பி போட்ட ஆட்கள். மாமா சில்லறை தேடிக்கொண்டிருக்க, அம்மா கதவைத் திறந்து, என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டா.

"அக்கா, எங்க போறியள்? இது பாலத்துக்குக் காசு குடுக்கிற இடம்."

அது அம்மாவின் காதில் விழவில்லை. ஒரு கையில் நான், மறுகையில் பேப்பர்கள். தலையைக் குனிந்தபடி வாகனங்களின் ஓரமாக நடந்து, கூண்டுக்காரரிடம் பேப்பரை நீட்டினா. அவர் அதையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேப்பரைப் பக்குவமாகத் திருப்பிக் கொடுத்து ஏதோ சொன்னார். நாங்கள் அப்பால் போய் நின்றோம். மாமா அந்த ஆளிடம் காசு கொடுத்துப் பேசிவிட்டு, வானைக் கொண்டுவந்து எங்களை ஏற்றிக்கொண்டார்.

"என்ன சொன்னவன்?" என்று அம்மா கேட்டா.

"கவனமாய் நடவுங்கோவாம்" என்றார் மாமா. அவருக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. அப்பா சிரிக்கவில்லை.

வேல்ஸ் பச்சையாக இருந்தது. மலையெல்லாம் செம்மறியாடுகள். அப்பா கோட்டையைப் பார்த்ததைவிட வழிகாட்டிப் பலகைகளைத்தான் கூடப் பார்த்தார். "இங்கிலீசோட இவையளின்ரை பாஷையையும் சேத்து எழுதியிருக்கினம், பார்" என்று ஒரு பலகைக்குக் கீழே நின்று படம்கூட எடுத்துக்கொண்டார். கோட்டைச் சுவரில் மாமா ஏறி நின்று அரசர்களின் கதை சொன்னார். பாதியாவது அவரே கட்டியதாக இருக்கும். அம்மா கைப்பையை மடியில் வைத்தபடி புல்லில் இருந்தா. கட்டிக் கொண்டுவந்த புட்டை எங்களுக்குத் தந்தா, தான் சாப்பிடவில்லை.

"திரும்பி உள்ளுக்கு விடுவாங்களோ?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டா.

"அம்மா, கேஸ் விழுந்திருக்குமோ?" என்று நான் கேட்டேன். பொம்மையை நினைத்துக் கேட்டது. அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டா. அப்படியென்றால் விழுந்துதான் இருக்கும் என்று நான் முடிவுசெய்து அழுதேன்.

திரும்பி வருகையில் மாமா கூண்டுகளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வானை ஓரமாக நிறுத்தினார். இந்த முறை பகிடி விடவில்லை. தானே இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார். அம்மா என்னோடு இறங்கினா, அப்பாவும் இறங்கினார். மூன்று பேரும் கைகோர்த்து நடந்தோம். கூண்டிலிருந்தவர் பேப்பரை வாங்காமலே கையைக் காட்டி அனுப்பிவிட்டார். ஊரில் ஆமிக்காரர் மறித்தால் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தே கடக்கவேண்டும் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அன்று எனக்கு, வான் இருக்கும்போது இவர்கள் ஏன் நடக்கிறார்கள் என்று குழப்பமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஓடினேன். சூட்கேஸ் நீட்டின மூலையோடு அப்படியே மேலே இருந்தது. பொம்மைக்கும் ஒன்றுமில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் படியில் நின்று கத்தினேன்.

"அம்மா, கேஸ் விழேல்லை!"

 கீழே நின்ற அம்மா கடைசிப் படியில் குந்திவிட்டா. "இன்னொருக்காச் சொல்லு, பிள்ளை" என்றா. இன்னொரு தரம் சொன்னேன். அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினா.

ஒரு பெட்டி விழாமல் இருந்ததற்கு ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. போய்ப் பொம்மையை எடுத்து, கட்டிலின் மற்றப் பக்கத்தில் படுக்க வைத்தேன்.