ஐயாக்கண்ணு சிலிர்த்த கதை

எழுபதுகளில், அடிவாரத்திலிருந்து தலையில் வாழைத்தார் சுமந்து மலையேறி, நாகலூரில் பஸ் நிற்கும் இடத்தில் சொந்தமாக டீக்கடை போட்டவர் ஐயாக்கண்ணு. படிப்பு இரண்டாம் வகுப்பு. அதுவும் பாதி. ஆனால் மூளை விஷயத்தில் சேலம் ஜில்லாவில் தனக்கு நிகர் ஆளில்லை என்பது அவர் தீர்மானம். அதைக் கடைக்கு வருகிறவர்களிடம் டீ ஆறும்வரை சொல்லுவார்.

அந்த மூளை அப்படியே மகள் ராஜேஸ்வரிக்கு இறங்கியிருந்தது. ஐந்து வயதில் ஒல்லியான உயர டம்ளரில் பால் ஊற்றிக் கொடுத்தால் நிறைய இருக்கிறதென்று சிரிப்பாள். அதே பாலைக் குட்டை டம்ளருக்கு மாற்றினால், குறைத்துவிட்டதாக அழுவாள். எட்டு வயதில் ஒருநாள், எஸ்டேட் ஆட்கள் முன்னால் டீயை இதற்கும் அதற்குமாக மாற்றி ஊற்றிக் காட்டினாள். "ரெண்டும் ஒண்ணுதானுங்க. எங்கப்பா ஒசர டம்ளருக்குக் காசு சேத்தி வாங்கி ஏமாத்தறாரு." அன்றைக்கு வியாபாரம் படுத்தது. ஐயாக்கண்ணுவுக்கோ பெருமை தாங்கவில்லை.

பதின்மூன்றில்தான் வினை வந்தது. கண்ணால் பார்த்ததைப் பேசிக்கொண்டிருந்த பெண், பார்க்காததையெல்லாம் பேச ஆரம்பித்தாள். சேலம் மேலேயும் நாகலூர் கீழேயும் இருந்தால் பஸ் எந்தப் பக்கம் மூச்சு வாங்கும்? நீங்க அம்மாவைக் கட்டாம இருந்திருந்தா நான் யாரு ஊட்டுல இருப்பேன்? இந்தக் கேள்வியை அவர் மனைவி பாப்பாத்தி நிஜமாகவே யோசிக்கத் தொடங்கியதில் வீட்டில் குழம்பு ருசி கெட்டது.

எட்டாவதோடு நிறுத்திவிடுவது என்று ஐயாக்கண்ணு முடிவு கட்டினார். ஏற்காட்டுக்குப் போய் ஒன்பதாவது படித்தே தீருவேன் என்று மகள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். சரி, மாரியம்மனையே கேட்டுவிடுவோம் என்றார். கிடாயைக் கோயில் முன் நிறுத்தி, கேள்வியைச் சொல்லி, மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் சம்மதம்; உடனே மாலை போட்டு வெட்டு.

மழை விட்டு மூட்டம் இறங்கிய காலை. ஊற்றுத் தண்ணீர் எலும்பைக் குத்தும் குளிர். "பள்ளிக்கூடத்தை நிறுத்திரலாங்களா தாயி?" என்று பூசாரி சின்னசாமி ஊற்றினார். கிடாய் சிலிர்த்தது.

"உத்தரவாயிருச்சுங்க!"

"இப்ப மாத்திக் கேளுங்க," என்றாள் ராஜேஸ்வரி. "எதைக் கேட்டாலும் சிலுப்புதான்னு பாக்கோணும்."

"அம்மனையே சோதிக்கறயா கண்ணு?" என்றார் பூசாரி.

"அம்மனை இல்லீங்க. ஆட்டை."

கூட்டம் சிரித்தது, கேட்டுத்தான் பார்ப்போமே என்றது. பள்ளிக்கூடம் அனுப்பலாமா? சிலிர்த்தது. எங்கப்பா கடையில இருக்கற பஜ்ஜி நேத்துப் போட்டதா? நொம்பப் பலமாகச் சிலிர்த்தது. பிறகு, பொங்கலுக்குக் காய்ந்த வெந்நீரை விளாவி ஊற்றி, அதே கேள்விகளைக் கேட்டாள். கிடாய் கண்ணை மூடிச் சுகமாக நின்றது.

"அதுக்குக் குளுருதுங்கப்பா. அவ்வளவுதான்."

ஐயாக்கண்ணுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயில்லாச் சீவனுக்குக் குளுரும். மனவுறுதி இருக்கறவன் சிலுப்ப மாட்டான். தார் தூக்கி மலையேறுன ஒடம்பு சாமி இது. எம்மேல ஊத்து பாக்கலாம்!" சட்டையைக் கழற்றிவிட்டுக் கிடாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மகள் குடத்தைத் தூக்கினாள். ஊர் கேட்கும்படி கேட்டாள்: "என்னை ஒம்பதாவது அனுப்ப எங்கப்பாவுக்குச் சம்மதந்தானுங்களா தாயி?"

ஊற்றினாள். ஐயாக்கண்ணு பல்லைக் கடித்தார். கொஞ்ச நேரம் பாறை மாதிரிதான் நின்றார், அதை யாரும் மறுக்க முடியாது. அப்புறம் குதிகாலிலிருந்து உச்சந்தலைவரை உதறிய உதறலில் பூசாரியின் விபூதித் தட்டு நனைந்துபோயிற்று.

பெண்கள் குலவையிட்டார்கள். "உத்தரவாயிருச்சுங்க!" என்று சின்னசாமி பழக்கத்தில் மாலையை எடுத்து ஐயாக்கண்ணு கழுத்தில் போட்டுவிட்டு, அரிவாளுக்குக் கை நீட்டினார். பாப்பாத்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாலையோட போதுமுங்க. கடை தொறக்கோணும்."

மறுநாள் முதல் பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனார். தும்மலுக்கு நடுவில், நெஞ்சை நிமிர்த்தி, ஹெட்மாஸ்டரிடம் சொன்னார்:

"அம்மன் உத்தரவுங்க. ஆட்டை நம்பாம, எம்மேலயே எறங்கிச் சொல்லிட்டா."