ஆடி மாத மண்டபமும் எட்டு நிமிஷப் பாட்டும்

முதல் நாள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் செந்தில் அண்ணன் ஒரே ஒரு தடவை கை தட்டினார். அந்தச் சத்தம் மேடை வரை போய், பால்கனியில் மோதி, திரும்பி வந்து அடங்க மூன்று விநாடிக்குப் பக்கம் ஆனது. நான் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்துகொண்டிருந்தேன். ரேவதி என் முதுகில் தட்டி, "அளந்தது போதும்டா. வண்டியில இருக்கிற டிரம்ஸ எறக்கு" என்றாள்.

எங்கள் பேண்டின் பெயர் 'மூணாவது கியர்'. மொத்தம் நான்கு பேர். செந்தில் அண்ணன் பாட்டு எழுதி, கிடார் வாசித்துப் பாடுவார். மோகன் பேஸ் கிடார். ரேவதி டிரம்ஸ். நான் தினேஷ், எதையும் வாசிப்பதில்லை. மைக் வைப்பது, ரெக்கார்டிங், எடிட், மிக்ஸ் எல்லாம் என் பொறுப்பு.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டே இந்த வேலைக்கு வர நினைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், எப்படி ஆரம்பித்தீர்கள் என்று என்னைக் கேட்கிறார்கள். எப்படி ஆரம்பித்தேன் என்பதைவிட எங்கே சொதப்பினேன் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். அதனால் எங்கள் இரண்டாவது ஆல்பத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

1. ஏன் மண்டபம்

முதல் ஆல்பத்தைச் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தோம். எல்லாம் இங்கிலீஷ் பாட்டு. எல்லாம் கிளிக் வைத்து வாசித்தது. கிளிக் என்பது ஹெட்போனுக்குள் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும் தாளம். அதைப் பிடித்துக்கொண்டு வாசித்தால் பாட்டு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகத்தில் போகும். எங்கள் ஊர் செங்கம் ரோடு கஃபேக்களில் அந்தப் பாட்டுகளை வாசித்தபோது எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எந்தப் பாட்டு நன்றாக இருந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"இந்த வாட்டி வேற மாதிரி. தமிழ்ல, நாம பேசற தமிழ்லயே பாடப் போறேன். கிளிக் கெடையாது. ஸ்டுடியோவும் கெடையாது" என்றார் செந்தில் அண்ணன்.

"கேக்கறதுக்கு ஆளும் கெடையாதுன்னு சேத்துக்கோண்ணா" என்றான் மோகன்.

நான் மட்டும் உடனே கையைத் தூக்கினேன். ஊரிலேயே ரெக்கார்ட் செய்யலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெரிய டிரம்ஸ் சத்தத்துக்குப் பெரிய அறை வேண்டும். நம் ஊரில் பெரிய அறை என்றால் கல்யாண மண்டபம். ஆடி மாதத்தில் அத்தனை மண்டபமும் காலியாகத்தான் கிடக்கும். இந்த யோசனை வந்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மண்டபத்து மேனேஜர் ஏழுமலை அண்ணன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆடியில எவன் கல்யாணம் பண்றான்? சும்மாதான் கெடக்குது, எடுத்துக்கோங்க. ஆனா ஆவணி மொத முகூர்த்தம் புக் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு நாளுகூட கேக்கக் கூடாது." பிறகு டிரம்ஸைப் பார்த்தார். "இத யாரு வாசிக்கறது? இந்தப் பொண்ணா?"

"ஆமாண்ணா. சத்தம் ஜாஸ்தியா வரும். வூட்ல சொல்லிட்டு வந்து உக்காருங்க" என்றாள் ரேவதி.

அவர் சிரித்துவிட்டார். சாவி கைக்கு வந்தது.

2. நடக்கிற வேகம்

ஆல்பத்தின் முக்கியமான பாட்டின் பெயர் 'சுத்து'. கிரிவலம் போகிற ஒருவரைப் பற்றியது. எட்டு நிமிஷம். முதல் இரண்டு நிமிஷம் டிரம்ஸ் மட்டும்தான். கிடாரும் இல்லை, குரலும் இல்லை. பாட்டு வேகமாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே போக வேண்டும் என்றார் செந்தில் அண்ணன்.

"பாதி வழி, அடி அண்ணாமலை வரைக்கும் எல்லாரும் வேகமாத்தான் நடப்பாங்க. கடைசியில ஈசான்யம் வர்றதுக்குள்ள காலு நம்ம பேச்ச கேக்காது. அது டிரம்ஸ்ல வரணும்."

சொல்வது சுலபம். கிளிக் இல்லாமல் எட்டு நிமிஷத்தில் இத்தனை மெதுவாக வேகத்தைக் குறைப்பது, கேட்பவருக்கே தெரியாதபடி குறைப்பது, மிகவும் கஷ்டம். ரேவதி என்ன செய்தாள் தெரியுமா? வெறுங்காலோடு மூன்று தடவை மலையைச் சுற்றினாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு, காலடிச் சத்தத்தை வழி முழுக்க ரெக்கார்ட் செய்தாள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தாள். தொடக்கத்தில் நிமிஷத்துக்கு 112 அடி. கடைசியில் 92. நடுவில் எங்கெங்கே தளர்கிறது, தண்ணீர் குடித்த பிறகு எங்கே கொஞ்சம் ஏறுகிறது என்பது உட்பட எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள்.

அவள் வேங்கிக்காலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேட்டா என்ட்ரி வேலை பார்க்கிறாள். ஜுரம் என்று சொல்லி நான்கு நாள் லீவ் எடுத்திருந்தாள். செந்தில் அண்ணன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து கிடார் வாசிப்பார். கிடார் நேராக என் லேப்டாப்புக்குப் போய்விடும், மண்டபத்தில் கேட்காது. இருவருக்கும் ஹெட்போன். நான்காம் நாள் 'சுத்து' ஒரே டேக்கில் ஓகே ஆனது. வாசித்து முடித்து ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மோகன் ஓடிப்போய் அவளுக்கு ஒரு சோடா வாங்கி வந்தான்.

3. நான் செய்தது

பத்து நாள் கழித்து என் அறையில் அந்த ஃபைலைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். எடிட்டிங் சாஃப்ட்வேரில் திரை முழுக்கக் கோடு கோடாக ஒரு கட்டம் தெரியும். தாளம் அந்தக் கோட்டின் மேல் விழுந்தால் சரியாக இருக்கிறது என்று கணக்கு. ரேவதியின் அடி ஒன்றுகூடக் கோட்டில் விழவில்லை. விழாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கப் பார்க்கப் பயம் வந்தது. யாராவது கேட்டுவிட்டு, இந்தப் பெண்ணுக்குத் தாளம் நிற்கவில்லை, ரெக்கார்ட் செய்தவனுக்குக் காது இல்லை என்று சொன்னால்?

சென்னையில் எடிட்டராக இருக்கும் ஒரு நண்பனுக்கு ஒரு நிமிஷம் மட்டும் வெட்டி அனுப்பினேன். இது என்ன பாட்டு என்றெல்லாம் சொல்லவில்லை. "டிரம்மர் ஸ்லோ ஆகறாங்க பாஸ், டைட் பண்ணிடு" என்று பதில் வந்தது.

டைட் பண்ணினேன். முதலில் நாலைந்து அடியை மட்டும் கோட்டுக்கு இழுத்தேன். அது பக்கத்தில் இருந்த அடியோடு ஒட்டவில்லை. அதையும் இழுத்தேன். சாயங்காலம் ஆவதற்குள் எட்டு நிமிஷமும் ஒரே வேகம், 104. லேப்டாப்பில் இடம் கம்மியாக இருந்ததால், எடிட் செய்ததைப் புது ஃபைலாக மாற்றிவிட்டு, 'பயன்படாத ஃபைல்களை நீக்கு' என்பதை அழுத்தி ஒரிஜினலை அழித்தேன். பேக்கப் டிஸ்க் ஒன்று மாட்டியிருந்தேன். அது லேப்டாப்பில் இருப்பதை அப்படியே காப்பி அடிக்கும். லேப்டாப்பில் அழிந்ததை அதுவும் ஒழுங்காக அழித்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. பாட்டை நன்றாக ஆக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

4. ரேவதி கேட்ட நாள்

ஞாயிற்றுக்கிழமை கேட்க வந்தாள். ஒன்றரை நிமிஷத்தில் ஹெட்போனைக் கழற்றினாள்.

"இது யாரு வாசிச்சது?"

"நீதான்."

"நான் வாசிச்சது எனக்குத் தெரியாதா? ஒரிஜினல போடு."

என்னால் போட முடியவில்லை. சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை.

"டேய், மூணு வாட்டி வெறுங்காலோட நடந்தேன்டா. கால்ல கொப்புளம் வந்துச்சு. நீ உக்காந்த எடத்துல இருந்தே என்னைய ஆட்டோல ஏத்தி வூட்ல எறக்கி வுட்டுட்ட." எழுந்து செருப்பு போட்டுக்கொண்டாள். "இந்தப் பாட்டுல என் பேரு போடாதீங்க. இனிமே வேற ஆளப் பாத்துக்கோங்க."

செந்தில் அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தெரியாம பண்ணியா, பயந்துகினு பண்ணியா?"

"பயந்துட்டுதாண்ணா."

"அத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அவகிட்ட போயி சொல்லு."

அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால், திட்டு வாங்கியதோடு கணக்கு முடிந்தது என்று நான் படுத்துத் தூங்கியிருப்பேன். திட்டாததற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரேவதியின் சென்டர் வாசலில் போய் நின்றேன். எதிரே இருந்த டீக்கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். உன் வாசிப்பு தப்பு என்று நினைக்கவில்லை, என்னைப் பற்றி என்ன சொல்வார்களோ என்று பயந்துதான் மாற்றினேன் என்றேன். அவள் டீயை முழுசாகக் குடித்து முடித்தாள்.

"மண்டபம் இன்னொரு வாட்டி கெடைக்குமா?" என்றாள்.

5. எட்டு நிமிஷம்

ஏழுமலை அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளான்னிக்கு ரிசப்ஷன் தம்பி. நாளைக்கு ஒம்போது மணிக்கு டெக்கரேஷன்காரங்க வந்துடுவாங்க. அஞ்சரைக்கு வர்றதுன்னா கதவ தொறக்கறேன். ஒம்போதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது."

ரேவதி, செந்தில் அண்ணனோடு ஐந்தரைக்குப் போனால், ஏழுமலை அண்ணன் கதவைத் திறந்து வைத்து பிளாஸ்கில் டீயோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இதில் ஒரு லாபமும் இல்லை.

டிரம்ஸைச் சுற்றி ஆறு மைக், பால்கனியில் இரண்டு. ஒரு கேபிள் செத்துப்போயிருந்தது, அதைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. முதல் டேக்கில் ரேவதி அவசரத்தில் வேகமாகத் தொடங்கிவிட்டு மூன்றாம் நிமிஷத்தில் நிறுத்தினாள். "பஸ்ஸு புடிக்க ஓடற மாதிரி ஓடிட்டேன்" என்றாள். இரண்டாம் டேக்கில் ஐந்து நிமிஷம் தாண்டியபோது ஏழுமலை அண்ணனின் போனில் பக்திப் பாட்டு கணீரென்று ஒலித்தது. அவர் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். போனை எடுத்துக்கொண்டு போய்ச் சமையல்கட்டில் வைத்துவிட்டு வந்தார்.

எட்டரைக்கே டெக்கரேஷன் லாரி வந்துவிட்டது. ஆறு பேர் இறங்கி, சிவப்புக் கம்பளத்தை வாசலில் இருந்து விரித்துக்கொண்டே வந்தார்கள். பாதி மண்டபம் மூடிவிட்டது. செந்தில் அண்ணன் கை தட்டினார். மூன்று விநாடி இருந்த எதிரொலி பாதிகூட இல்லை.

"எக்கோ போச்சு. பரவால்ல, சாஃப்ட்வேர்ல நான்..." என்று ஆரம்பித்தேன். ரேவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

"இருக்கற சத்தம் போதும். இதுலயே வாசிக்கறேன். எட்டு நிமிஷம் மட்டும் வாங்கிக் குடு" என்றாள்.

டெக்கரேஷன் மேஸ்திரி நம்பவில்லை. "எட்டு நிமிஷமா? ஒரே பாட்டா?"

"நானும் அப்படித்தான் கேட்டேன். உக்காரு" என்றார் ஏழுமலை அண்ணன். ஆறு பேரும் சுருட்டி வைத்திருந்த மீதிக் கம்பளத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ரெக்கார்டை அழுத்திவிட்டு லேப்டாப் திரையை என் பக்கம் தெரியாதபடி திருப்பி வைத்தேன். கட்டமும் கோடும் கண்ணில் படவில்லை. இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. முதல் இரண்டு நிமிஷம் கூட்டத்தோடு பேசிக்கொண்டே நடக்கிற மாதிரி போனது. கிடார் வந்து சேர்ந்தது. நாலாவது நிமிஷத்துக்கு மேல் வேகம் குறைகிறது என்று தெரியவில்லை, உடம்பு கனக்கிற மாதிரி மட்டும் இருந்தது. ஏழாவது நிமிஷத்தில் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இடைவெளி அகன்றுகொண்டே போனது. அடுத்த அடி வராதோ என்று தோன்றியது. ஒவ்வொரு தடவையும் வந்தது. கடைசி அடி அடித்து, சிம்பல் தட்டின் சத்தம் முழுக்க அடங்கும் வரை ஒருவரும் அசையவில்லை.

மேஸ்திரிதான் முதலில் பேசினார். "நல்லா தட்டுனம்மா. கடைசியிலதான் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிப்போச்சு. வேணும்னா இன்னொரு வாட்டி வாசி. நாங்க வெய்ட் பண்றோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லண்ணா. சரியாத்தான் இருக்குது. அவங்க வாசிச்சதே அப்படித்தான்" என்றேன்.

 ரேவதி ஸ்னேர் டிரம்மின் ஸ்டாண்டைக் கழற்றி, தூக்கிக்கொண்டு போ என்று என் கையில் கொடுத்தாள்.

6. உங்களுக்கு

ஆல்பம் வெளியே வந்தாயிற்று. 'சுத்து' பாட்டைக் கேட்டுவிட்டுப் பாதியில் ஸ்லோ ஆகிறது என்று இன்னமும் யாராவது எழுதத்தான் செய்கிறார்கள். பதில் எழுதுவது நான்தான். ஏன் ஸ்லோ ஆகிறது என்று விளக்கமாக எழுதுவேன். சிலர் திரும்பக் கேட்டுவிட்டு வந்து நல்லபடியாகவும் எழுதியிருக்கிறார்கள்.

வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அழித்ததைத் தானும் அழிக்கிற டிஸ்க் பேக்கப் ஆகாது. ஒரிஜினலை ரெக்கார்ட் செய்த அன்றே தனி டிஸ்கில் போட்டுக் கழற்றி வைத்துவிடுங்கள். இதை எந்த வீடியோவிலும் கற்றுக்கொள்ளலாம். இன்னொன்றை எனக்கு ரேவதி, செந்தில் அண்ணன், ஏழுமலை அண்ணன் என்று மூன்று பேர் பொறுமையாக இருந்து கற்றுக்கொடுத்தார்கள். ஒருவர் வாசித்ததில் கை வைக்கும் முன் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் வாயால் சொல்ல வேண்டியதை மவுஸால் செய்தேன்.